புதுப்பிப்பு: மாஸ்டரிங்கில் குரல் மங்கியதன் காரணம் தெரிந்தது

மாஸ்டரிங்கிற்குப் (வெளியிடும் முன் பாடலின் ஒலியை இறுதியாகச் சீராக்கும் வேலை) பின் என் பாடலின் குரல் இரைச்சலோடும் மங்கலாகவும் ஒலிப்பது ஏன் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பிழை குரலையும் கருவிகளையும் சேர்க்கும் கலவையில் அல்ல, பதிவிலேயே இருந்தது. திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டின் வெறுஞ்சுவர் அறையில், கச்சான் காற்றின் வெக்கை தாளாமல் மின்விசிறியைச் சுழலவிட்டு, மைக்கிலிருந்து மூன்றடி தள்ளி நின்று பாடியிருந்தேன். கம்ப்ரெசர் உரத்த இடங்களைத் தணித்த பின் மொத்த ஒலியளவை உயர்த்தியபோது, சொற்களுக்கிடையே பதுங்கியிருந்த விசிறியொலியும் சுவரெதிரொலியும் குரலோடு சேர்ந்து மேலெழுந்தன. உச்ச ஒலியை ஓர் எல்லைக்குள் அடக்கி மொத்த ஒலியை உயர்த்தும் லிமிட்டர் அவற்றை இன்னும் முன்னே தள்ளியது. இரைச்சலையாவது மென்பொருளால் ஓரளவு குறைக்கலாம், ஆனால் எதிரொலியை நீக்க முயன்றபோது குரலின் உயிரே போய்விட்டது.

இம்முறை விசிறியை நிறுத்தி, முதுகுப்புறம் தடித்த போர்வைகளைத் தொங்கவிட்டு, ஒரு சாண் தொலைவில், 24 பிட் நுணுக்கத்தில், உச்ச ஒலியளவு -10 டெசிபலைத் (0 தான் மேல்வரம்பு) தாண்டாமல் பதிந்தேன். அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரோடு முன்பு இரண்டு வாரம் போராடினேன்; இப்போது அதில் 200 ஹேர்ட்ஸ் அருகே சிறு குறைப்பே போதுமானதாக இருக்கிறது. மிருதங்கத்தை இனித்தான் மீண்டும் பதிய வேண்டும்.