எபிஜெனடிக்ஸுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? வெள்ளிக்குள் வேண்டும்

நாகர்கோவில்:
அனைவருக்கும் வணக்கம். புற்றுநோய் வந்த பிள்ளைகளின் பெற்றோருக்கும், நோயோடு போராடும் இளையோருக்கும் நான்கு பக்கத் தாள் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். எபிஜெனடிக்ஸ் சொல்வது இதுதான்: மரபணுவின் எழுத்து மாறாமலே, அதன்மேல் ஒட்டும் மெத்தில் போன்ற சிறு வேதிக்குழுக்கள் கூடியும் குறைந்தும் எந்த மரபணு வேலை செய்யும், எது அடங்கும் என்பதை மாற்றிவிடுகின்றன. பெரியவர்களின் புற்றைவிடக் குழந்தைகளின் புற்றில் எழுத்துப்பிழைகள் பொதுவாகக் குறைவு. அதனால் இந்தப் பகுதியை விட்டுவிட முடியாது.

'மேல்மரபியல்' என்று போட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் மகனுக்குச் சிகிச்சை நடக்கிறது. தாளை மடியில் வைத்துவிட்டு, "அப்பம் இது எங்க வீட்டு வழியா வந்ததா?" என்று கேட்டார். அதன்பிறகு அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை.

குழித்துறை:
புணர்ச்சிப்படி பார்த்தால் மேன்மக்கள் போல 'மேன்மரபு' என்றே வர வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் 1859 வரை தோள்சீலைக்குப் போராடிய மண்ணில் அதை அச்சடித்தால் என்ன பொருள் கொள்வார்கள்? வேண்டாம். உயிரியலாளர் வாடிங்டன் 1942-இல் எபிஜெனடிக்ஸ் என்ற சொல்லைப் படைத்தது, எபிஜெனிசிஸ் என்ற பழைய கருவளர்ச்சிக் கொள்கையின் பெயரை மனத்தில் கொண்டு. 'எபி' என்ற முன்னொட்டை மட்டும் பிய்த்து 'மேல்' என்பது பொருந்தாது.

நம்மிடம் தொல்காப்பியம் சொல்லும் புள்ளி இருக்கிறது. 'மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்.' ககரத்தின் வடிவம் அப்படியே இருக்க, தலையில் புள்ளி விழுந்ததும் உள்ளிருந்த அகரம் அடங்கிவிடுகிறது. மெத்தில் செய்வதும் இதுதானே? மேற்புள்ளியியல் என்க. அதங்கோட்டாசான் முன் அரங்கேறிய நூல் கைகொடுக்காமல் போகுமா?

மார்த்தாண்டம்:
ஐயா, புள்ளியியல் என்றால் பிள்ளைகள் சதவீதக் கணக்கைத் தேடுவார்கள். புறமரபியல் போதும். எங்கள் தேன்பெட்டியில் ராணியும் வேலைக்காரத் தேனீயும் ஒரே வகை முட்டையிலிருந்து வருபவைதான். ஊட்டும் உணவு வேறு, அதனால் உருவமும் வேறு. மரபு மாறவில்லை, புறத்திலிருந்து வந்தது மாற்றிவிட்டது.

நாகர்கோவில்:
அண்ணாச்சி, தேனீக்கு அது சரி. ஆனால் 'புறம்' என்று வாசித்தால் அதே அக்கா, "நான் என்னத்தக் குடுத்துத் தொலைச்சேன்?" என்பார். குழந்தைப் புற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெற்றோர் கொடுத்த உணவோ வளர்த்த விதமோ காரணமென்று சொல்ல ஆதாரம் இல்லை. ஒரு சொல் அவர் தலையில் பழியை ஏற்றக் கூடாது.

தக்கலை:
வார்டில் நாங்கள் எபிஜெனடிக்ஸ் என்றே சொல்கிறோம், அதையே போடுங்கள். புள்ளிக்கு என் தடை வேறு. சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ச்சியைத் தூண்டும் ஐஜிஎஃப்2 மரபணுவில் அப்பாவிடமிருந்து வந்த பிரதி மட்டுமே பேச வேண்டும். சில கட்டிகளில் அம்மா வழிப் பிரதிக்கு அருகே மெத்தில் கூடுதலாக ஒட்டுகிறது. உடனே அதுவும் பேசத் தொடங்குகிறது. புள்ளி வைத்தால் ஒலி அடங்கும் என்றீர்களே ஐயா?

குழித்துறை:
நல்ல கேள்வி. 'எகர ஒகரத்து இயற்கையும் அற்றே' என்பது அடுத்த நூற்பா. பழைய எழுத்தில் எகரத்தின்மேல் புள்ளி வந்தால் குறில். அங்கே ஒலி அடங்கவில்லை, குறுகியது. முப்பாற்புள்ளி எனப்பட்ட ஆய்தமோ ஒலிக்கவே செய்கிறது. புள்ளி விழும் இடம்தான் அதன் வேலையை முடிவுசெய்கிறது. 'மேற்குறி' என்று யாரும் தொடங்கிவிடாதீர்கள். பதினெட்டு வயதுப் பையன்கள் கையில் போகும் தாள்.

நாகர்கோவில்:
வியாழன் இரவாகிவிட்டது. துறைக்குப் பெயர் வைப்பதை விட்டுவிட்டேன். பெற்றோருக்கு 'இயல்' தேவையில்லை. 'மரபணு மேற்புள்ளி', 'மேற்புள்ளி மாற்றம்'. முதல் பக்கத்தில் ஒருமுறை எபிஜெனடிக்ஸ். நான்கு பேர் சரி என்கிறார்கள், இருவர் இன்னும் புறமரபியல் பக்கம். அக்காவிடம் மறுபடி வாசித்தேன். "அந்தப் புள்ளிய அழிக்க முடியுமா?" என்றார்.

தக்கலை:
அதற்கு இரண்டு வரி சேருங்கள்: மெத்தில் ஒட்டுவதைக் குறைக்கும் அசாசிட்டிடின் என்ற மருந்து சில இரத்தப் புற்றுகளில் கொடுக்கப்படுகிறது. எல்லாக் கட்டிக்கும் அது மருந்தல்ல. உங்கள் பிள்ளையின் மருத்துவரிடம் கேளுங்கள். 'புள்ளி'க்கு என் மறுப்பு அப்படியே இருக்கிறது.