ரெய்காதாஸ்: படத்துக்குப் படம் ஏன் இவ்வளவு இடைவெளி?

நிழலாட்டம்:
மெக்சிகோ இயக்குநர் கார்லோஸ் ரெய்காதாஸின் முழுநீளப் படங்கள் வந்த வருஷங்கள்: 2002, 2005, 2007, 2012, 2018. நட்சத்திரம் இல்லை, பெரிய ஸ்டுடியோ இல்லை. மெக்சிகோவில் இப்படிப்பட்டவருக்குப் பணம் எங்கிருந்து வருது? இன்னொரு சந்தேகம்: அவரோட 2012 படம் ‘போஸ்ட் டெனெப்ராஸ் லக்ஸ்’ல ஓரமெல்லாம் இரண்டிரண்டா தெரியுதே, பிரிண்ட் கோளாறா?

ரீல்பெட்டி:
பிரிண்ட் சரிதான். விளிம்பு சரிவா இழைச்ச கண்ணாடி வழியா எடுத்தது. நடுவில் துல்லியம், ஓரத்தில் ஒளி விலகி உருவம் இரட்டிக்கும். வெளிப்புறக் காட்சிகளை மட்டும் கவனிங்க, வீட்டுக்குள்ள அது இருக்காது. சட்டகத்தோட அகலம்-உயர விகிதம் 1.37:1, டிவித் திரையை விட அகலம் குறைவு. டிவியில் ஜூம் போட்டுத் திரையை நிரப்பினா மேலயும் கீழயும் சேர்த்து கால்வாசிப் படம் வெட்டுப்படும். தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க.

பின்வரிசை:
பணத்துக்கு வர்றேன். மெக்சிகோவில் ‘எஃபிசினே’ன்னு ஒரு வரிச்சலுகை இருக்கு, அந்த நாட்டு வருமான வரிச் சட்டம் 189-வது பிரிவு. ஒரு கம்பெனி தன் முந்தின வருஷ வருமான வரியில் 10% வரைக்கும் படத்துக்குக் கொடுக்கலாம், அது வரியில் கழிஞ்சிடும். 3 கோடி பெசோ வரி வந்த கம்பெனியால 30 லட்சம்தான் தர முடியும். 1.5 கோடி திரட்ட அந்த அளவில் 5 கம்பெனி பிடிக்கணும். அதோட தேர்வுக் குழுவும் திரைக்கதையை ஏற்கணும். கால இழுவை இங்கதான்.

அரசு நிதியும் நிலையா இல்லை. ஃபொப்ரோசினே, ஃபிதெசினேன்னு இருந்த ரெண்டு அரசு சினிமா நிதியையும் 2020-ல் கலைச்சாங்க. 2021-லிருந்து அந்த இடத்தில் அரசுத் திரைப்பட நிறுவனமான இம்சினே நடத்துற ‘ஃபோசினே’ நிதி.

நிழலாட்டம்:
முதல் படத்துக்கும் இதே வழிதானா?

பின்வரிசை:
அப்ப எஃபிசினே கிடையாது. அவரோட முதல் படம் ‘ஹபோன்’ 16 எம்.எம். சின்ன ஃபிலிம்ல, இதால்கோ மாநில மலைக்கிராமத்தில், தொழில்முறை நடிகர்கள் இல்லாம எடுத்தது. அதாவது செலவு ஏறுற இடங்களையே தவிர்த்துட்டார். 2002 கான் விழாவில் கேமரா தோர் (முதல் படத்துக்கான விருது) பிரிவில் சிறப்புக் குறிப்பு கிடைச்சது. அடுத்த படத்திலேயே பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி கூட்டுத் தயாரிப்பா சேர்ந்தாச்சு. ஆனா 2012-ல் கானில் சிறந்த இயக்குநர் விருது வாங்கினவருக்கும் அடுத்த படம் வர 6 வருஷம் ஆச்சு. விருது இல்லாதது மட்டும்தான் தடைன்னு நினைச்சிடாதீங்க.

ரீல்பெட்டி:
புதுசா பார்க்கிறவங்க 2007 படமான ‘ஸ்டெல்லெட் லிக்ட்’ல ஆரம்பிங்க. விடியல் ஒரே ஷாட்டா மெல்ல விரியும், அதை ஓட்டிவிடாதீங்க. மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில் இருக்கிற மென்னோனைட் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) மக்கள் பேசுற பிளாட்டீட்ஷ்ங்கிற ஜெர்மன் வகை மொழியில் படம் ஓடுது. ஸ்பானிஷ் தெரியும்னு சப்டைட்டிலை அணைச்சீங்கன்னா ஒண்ணும் புரியாது.