புதுப்பிப்பு: ஃப்ளோ பேட்டரியில் அயோடின் கசிவு குறைந்தது

என் துத்தநாக அயோடைடு ஃப்ளோ பேட்டரியில் (தொட்டிகளில் இருக்கும் திரவத்தை ஓடவிட்டு இயங்கும் பேட்டரி), இரு பக்கத்தையும் பிரிக்கும் செப்பரேட்டரை, அதாவது சிலிக்கா கலந்த பாலிஎத்திலீன் தாளை, தாண்டி அயோடினின் பழுப்பு நிறம் மறுபக்கம் வருகிறது, மின்தடையும் அதிகம், என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

இரட்டைத் தாள் போட்டதில் கசிவு குறைந்தது, மின்தடை ஏறியது. பலித்தது, தொட்டிகளைச் சம உயரத்தில் வைக்கச் சொன்ன யோசனைதான். இந்தத் தாள் நுண்துளைகள் உள்ளது; குறிப்பிட்ட அயனிகளை மட்டும் விடும் அயனிப் பரிமாற்றச் சவ்வு இல்லையே, அழுத்த வித்தியாசம் இருந்தால் துளை வழியே திரவமே போய்விடும். துத்தநாகப் பக்கத்துச் சொட்டைச் சோற்றுக் கஞ்சியில் விட்டுப் பார்த்தேன் (அயோடின் இருந்தால் கஞ்சியின் மாவுச்சத்து நீலமாகும்). முன்பு கருநீலம், இப்போது லேசான நீலம்.

துளைகளுக்குள் திரவம் புகட்டும் என்று தாளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, அலசி, எலக்ட்ரோலைட்டில் (பேட்டரித் திரவத்தில்) ஊறவைத்ததும் மின்தடை இறங்கியது. அப்புறம் ஒரு கூத்து: கழுவிய தாளை மாடியில் வைத்தேன். மதுரை வெயில், சும்மா விடுமா? தாள் காய்ந்து, மின்தடை பழையபடி ஏறிவிட்டது. இப்போது டிபன் டப்பாவில் தண்ணீருக்குள் கிடக்கிறது.