சப்போரோ பழைய அரசுச் செங்கல் மாளிகை: டிசம்பர்ல போறோம், வழி சொல்லுங்க

சிப்புட்_சரசு
எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஆறு பேர் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறைக்கு ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவில் இருக்கிற சப்போரோ போறோம், டிக்கெட் எடுத்தாச்சு. பனி விளையாட்டு பிள்ளைகளுக்கு. அப்பாவுக்கு வேண்டியது அந்தச் சிவப்புச் செங்கல் அரசு மாளிகை ஒன்றுதான். கொத்தனார் வேலை பார்த்தவர், வயது 71, மெதுவா நடப்பார்.

மூடியிருக்குன்னு ஒரு இடத்தில் போட்டிருக்கு, இலவசம்னு இன்னொரு இடத்தில். எது சரி? ஸ்டேஷனிலிருந்து பனியில் அவரை எப்படிக் கூட்டிட்டுப் போறது? எவ்வளவு நேரம் ஒதுக்கணும்? மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம், பக்கத்தில் பசியாற என்ன கிடைக்கும்?

ஈப்போ_தண்டவாளம்
அக்கா, நீங்க பார்த்த ரெண்டுமே பழைய தகவல். 2019 அக்டோபரில் மூடினாங்க. சீரமைப்பு முடிஞ்சு 2025 ஜூலை 25 மறுபடி திறந்தாச்சு. முன்னே இலவசம், இப்போ பெரியவங்களுக்கு 300 யென், அதாவது பத்து வெள்ளிக்குள்ளே. நடுநிலைப்பள்ளி வரைக்கும் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. தேதியை மட்டும் பார்த்து வைங்க: ஜப்பானில் அரசு அலுவலகங்கள் டிசம்பர் 29லிருந்து ஜனவரி 3 வரை விடுமுறை. இந்த இடத்தை அதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க.

வழி: ஸ்டேஷன் தெற்கு வாசலிலிருந்து தெருவோட நடந்தா எட்டு நிமிஷம்தான். ஆனா அப்பாவை அப்படிக் கூட்டிட்டுப் போகாதீங்க. ஸ்டேஷனிலிருந்து ஊர் நடுவில் இருக்கிற ஓடோரி பூங்கா வரைக்கும் 520 மீட்டருக்கு நிலத்தடி நடைபாதை இருக்கு. பனி கிடையாது, காற்று கிடையாது, தரை காய்ஞ்சிருக்கும். அதில் தெற்கே போய் அகாரெங்கா (சிவப்புச் செங்கல்) டெரஸ் என்ற கட்டடத்துக்குள் ஏறிடுங்க. அதன் 5ஆம் மாடியில் இலவசமா ஒரு பார்வைக்கூடம் இருக்கு, அங்கிருந்தே மாளிகை தெரியும். உட்கார வைச்சு மேலிருந்து ஒரு தடவை காட்டிட்டு அப்புறம் கீழே இறக்கலாம். வெளியே வந்தா கித்தா 3-ஜோ சதுக்கம். ரெண்டு பக்கமும் கிங்கோ மரங்கள் (டிசம்பரில் மொட்டையா நிற்கும்), நேரா மேற்கே பார்த்தா மாளிகை. திறந்தவெளியில் நடக்கிற தூரம் அவ்வளவுதான்.

மேப்பில் தேடும்போது ஒரு எச்சரிக்கை. அகாரெங்கா என்று மட்டும் தட்டினா ஹக்கோடாத்தே ஊர்ச் செங்கல் கிடங்குகள் வரும். அது ரயிலில் நாலு மணி நேரத் தூரம். முகவரியைப் போட்டுத் தேடுங்க: கித்தா 3-ஜோ, நிஷி 6-சோமே. சப்போரோ கட்டம் கட்டமா வகுத்த ஊர். ஓடோரிக்கு வடக்கே மூணாவது வரிசை, சோசே ஆற்றுக்கு மேற்கே ஆறாவது கட்டம், அதுதான் இதுக்கு அர்த்தம். இந்தக் கணக்கு பிடிபட்டா மேப்பே வேண்டாம்.

கரணை_பீடோர்
அப்பா கொத்தனார் என்றதால் இதை எழுதுகிறேன். முன்னால் நின்று ஒரு படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அங்கே அதிகம். அவர் அப்படித் திரும்ப மாட்டார்.

முதலில் சுவர் ஓரமாகக் கூட்டிப் போங்கள். ஒவ்வொரு வரிசையிலும் செங்கல்லின் நீளப்பக்கம் ஒன்று, தலைப்பக்கம் ஒன்று என்று மாறி மாறி வரும். இந்தக் கட்டுக்குக் கல்லும் அதிகம் பிடிக்கும், கையும் சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு வரிசையில் இணைப்பு அரை அங்குலம் தள்ளிப்போனாலும் மேலே போகப்போகக் கோணல் காட்டிக்கொடுத்துவிடும். மூலைகளில் எப்படி முடித்திருக்கிறார்கள் என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள், அரை மணி நேரம் அங்கேயே போய்விடும். மொத்தம் சுமார் 2.5 மில்லியன் கற்கள். பக்கத்துக் கிராமமான ஷிரோயிஷியில் சுட்டவையும் அதில் உண்டு. முகப்பு அகலம் 61 மீட்டர், முன்னிருந்து பின் வரை 36, உயரம் உச்சி வரை 33.

அடுத்தது வயது. ஒரே கட்டடம் மாதிரித் தெரிந்தாலும் மூன்று காலத்து வேலை. சுவர் 1888. 1909இல் தீப்பிடித்து உள்ளே இருந்த மரமெல்லாம் எரிந்துபோனது, செங்கல் மட்டும் நின்றது. அதே சுவருக்குள் 1911இல் மறுபடி கட்டி முடித்தார்கள். ஆகவே நுழைந்ததும் எதிரே வரும் மூன்று வளைவுகள், அகன்ற படிக்கட்டு, மரவேலை எல்லாம் சுவரை விட இளையவை. உச்சியில் இருக்கும் எண்கோணக் கூண்டு இன்னும் இளையது. முதலில் வைத்ததைச் சில ஆண்டுகளிலேயே இறக்கிவிட்டார்கள், ஹொக்கைடோவின் நூற்றாண்டுக்காக 1968இல் திரும்ப ஏற்றினார்கள். அடுத்த ஆண்டே தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தார்கள். நம் கோலாலம்பூர் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் முடிந்தது 1897. அதற்கு இது ஒன்பது வருடம் மூத்தது.

சிவப்பு ஐந்துமுனை நட்சத்திரத்தையும் மேலே தேடுங்கள். ஹொக்கைடோவில் குடியேற்றத்தை நடத்திய பழைய அரசுத் துறையின் சின்னம், துருவ நட்சத்திரம். சப்போரோ பீர் டின்னில் இருப்பதும் அந்த வழி வந்ததுதான், ஆலையைத் தொடங்கியதே அந்தத் துறை.

உள்ளே ஒன்றரை மணி நேரம் போதும். இரண்டாம் தளத்தில் பழைய ஆளுநர் அறையை விட்டுவிடாதீர்கள்.

ஈப்போ_தண்டவாளம்
ஐயா வெளிச்சத்தைச் சொல்லாம விட்டுட்டார். முகப்பு கிழக்கே பார்த்தது. காலையில் போனா வெயில் நேரா செங்கல்லில் விழும். மதியத்துக்குப் பிறகு சூரியன் பின்னாடி போயிடும், படத்தில் சுவர் கறுப்பா வரும். டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் பொழுது சாஞ்சிடும், "சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்ற பேச்சே வேண்டாம்.

லுனாஸ்_குளிர்சட்டை
உடுப்பைப் பற்றி யாரும் பேசலையே. பண்டல் கடையில் (பழைய உடுப்பு விற்கிற கடை) குளிர்ச் சட்டை வாங்கலாம், தப்பில்லை. ஆனா பழைய பனி பூட்ஸ் வாங்கவே வாங்காதீங்க. அடிப்பாகம் பாலியூரிதீனா இருந்தா நம்ம ஊர் ஈரத்திலும் சூட்டிலும் பெட்டிக்குள்ளேயே மக்கிப்போயிருக்கும். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், அங்கே போய் நாலு எட்டு வைச்சதும் பிஸ்கட் மாதிரி உதிரும். கட்டைவிரலால் அடியை அழுத்திப் பாருங்க, பொடி ஒட்டினா வைச்சிட்டு வந்திடுங்க. தோட்டத்து ரப்பர் சப்பாத்தும் சரிவராது, உள்ளே குளிர் ஏறிடும்.

சப்பாத்துக்கு மேலே மாட்டுற முள்பட்டை அங்கேயே கடைகளில் கிடைக்கும், அப்பாவுக்கு ஒரு ஜோடி எடுங்க. கட்டடத்துக்குள் நுழையும் முன் கழட்டணும். வழவழப்பான தரையில் அந்த இரும்புதான் வழுக்கிவிடும், தரையும் கீறும். சாலை கடக்கும் இடத்தில் வெள்ளைக்கோட்டு மேலே கால் வைக்க வேண்டாம், ரொம்ப வழுக்குறது அங்கேதான். சின்னச் சின்ன எட்டு, பாதம் முழுசா படணும், கை ரெண்டும் பாக்கெட்டுக்கு வெளியே. முச்சந்தி ஓரப் பெட்டிகளில் மணல் பை இருந்தா எடுத்துத் தூவலாம், அதுக்குத்தான் வைச்சிருக்காங்க.

சிப்புட்_சரசு
ரொம்ப நன்றி எல்லாருக்கும். மேப்பில் பார்த்தா மாளிகைக்கு மேற்கே பல்கலைக்கழகத் தாவரத் தோட்டம் ஒன்று தெரியுது. அதையும் சேர்த்துப் பார்த்திடலாமா? சாப்பாடு பற்றியும் யாராவது சொல்லுங்க.

ஈப்போ_தண்டவாளம்
குளிர்காலத்தில் அங்கே கண்ணாடி வீடு மட்டும்தான் திறந்திருக்கும், விட்டுடுங்க. அதுக்குப் பதிலா மணிக்கூண்டுக் கட்டடம், 1878. கித்தா 1-ஜோ, நிஷி 2-சோமே, மேலே சொன்ன கணக்குப்படி நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க. படத்தில் பெரிசா தெரியும், நேரில் சின்னது. பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைங்க.

லுனாஸ்_குளிர்சட்டை
சாப்பாட்டுக்கு சப்போரோவின் சூப் கறி (தண்ணியா இருக்கிற மசாலாக் குழம்பு), கோழித்தொடை போட்டது. நம்ம நாக்குக்கு ஒத்துவரும், காரம் எத்தனை என்று எண் கேட்பாங்க. ஆனா சாறு கோழி எலும்பிலும் காய்ச்சுவாங்க, பன்றி எலும்பிலும் காய்ச்சுவாங்க, சில கடையில் மாடும் சேரும். "கியூனிக்கு நாஷி" என்று சொன்னா தட்டில் மாட்டுக்கறி வராது, சாற்றுக்குத் தனியா கேட்கணும். ஜப்பானிய எழுத்தில் ஒரு சீட்டு எழுதி வைச்சு ஆர்டர் கொடுக்கும் முன்னே நீட்டுங்க. வெள்ளிக்கிழமை சைவம் இருக்கிறவங்களுக்குக் காய்கறி சூப் கறி என்று போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம், சாறு பெரும்பாலும் அதே எலும்புச் சாறுதான்.

சார்ஜருக்கு ரெண்டு தட்டைக் கால் அடாப்டர் ஆறு பேருக்குக் குறைஞ்சது மூணு எடுத்து வைங்க, நம்ம மூணு கால் அங்கே சொருகாது. தண்ணி காய்ச்சுற கெட்டில், அரிசிக் குக்கர் வேண்டாம். அங்கே 100 வோல்ட், நம்ம 240 வோல்ட் சாமான் வெதுவெதுன்னு நின்னுடும்.