மொட்டுக் காளானுக்கு அப்பால்: எந்தக் காளானை எப்படிச் சமைப்பது?

கேள்வி – கோவை வாசகி:
எங்கள் வீட்டில் காளான் என்றால் மொட்டுக் காளான் ஒன்றுதான் வழக்கம். இப்போது அருகிலுள்ள கடையில் சிப்பிக் காளானும் பால் காளானும் தவறாமல் கிடைக்கின்றன. ஆனால், மொட்டுக் காளானுக்குச் செய்யும் அதே மிளகு வறுவலைச் சிப்பிக் காளானில் செய்தால், அது தண்ணீர் விட்டுத் தொய்ந்துவிடுகிறது. எந்தக் காளான் எந்தப் பக்குவத்துக்கு ஏற்றது என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் – அடுப்படி:
சகோதரி, காளானில் ஏறக்குறைய 90 சதவீதம் தண்ணீர்தான் என்பதால், முதலில் அதை வற்றவைக்க வேண்டும். சிப்பிக் காளானைக் கத்தியால் நறுக்காமல் விரலால் நீளவாக்கில் கிழித்து, அகலமான இரும்புச் சட்டியில், மூடி போடாமல், நல்ல தீயில் வதக்குங்கள். விட்ட தண்ணீர் சுண்டி, ஓரங்கள் பொன்னிறமாகி, சட்டியில் சலசலப்பு மாறும் வரை உப்பைத் தொடவே வேண்டாம். அதன்பின் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, இடித்த மிளகு ஆகியவற்றைச் சேர்த்து இரண்டு புரட்டு புரட்டினால் போதும். குழம்பில் போட்டால் இதன் மென்மையான சுவை மசாலாவில் அமுங்கிவிடும் என்பது என் கருத்து.

பதில் – தோட்டக்காரர்:
குழம்புக்கும் பிரியாணிக்கும் பால் காளானே பொருத்தம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் ஏ.பி.கே. 2 என்ற பால் காளான் ரகத்தை வெளியிட்டது. மொட்டுக் காளானுக்குக் குளிர்ச்சி தேவை. இதுவோ 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் செழிப்பதால், சமவெளியில் கோடையிலும் வளர்க்கலாம். தண்டு தடித்து, சதைப்பற்றுடன் இருக்கும். அதை வட்டமாக அரிந்து தேங்காய் அரைத்த குழம்பில் கொதிக்கவிட்டாலும் குழையாது. காளானின் செல்சுவரில் உள்ள கைட்டின் என்ற உறுதியான நார்ப்பொருள் சூட்டில் எளிதில் கரையாததே காரணம். பச்சையாக முகர்ந்தால் லேசான முள்ளங்கி வாசனை வரலாம்; சோம்பும் இஞ்சியும் சேர்த்து வதக்கினால் அது அடங்கிவிடும்.

பதில் – மலைநாட்டான்:
மேலே சொன்னவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். கூடுதல் விலைக்கு விற்கப்படும் போர்ட்டோபெல்லோ, மொட்டுக் காளானின் முதிர்ந்த வடிவமே. இரண்டும் ஒரே இனம். குழம்புக்காக அதை வாங்குவது வீண் செலவு. மாறாக, உலர்ந்த ஷிடாகே என்ற காளானைச் சிறிது வாங்கி, ஊறவைத்த நீரை வடிகட்டி ரசத்திலோ சூப்பிலோ ஊற்றுங்கள். அதிலுள்ள குவானிலேட் என்ற பொருள் தக்காளியில் உள்ள குளுட்டமேட் என்ற சுவைப்பொருளுடன் சேரும்போது சுவை பன்மடங்கு கூடும்.

மழைக்குப் பிறகு கரையான் புற்றில் முளைக்கும் காளான் மிகச் சுவையானதுதான். எனினும், வழிவழியாக அதைப் பறித்து உண்டு, அடையாளம் நன்கு அறிந்தவர்கள் தராவிட்டால் வாங்க வேண்டாம். பூண்டு நிறம் மாறுகிறதா, வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா என்று பார்க்கும் சோதனைகள் நச்சுக் காளானைக் காட்டிக்கொடுப்பதில்லை. உயிரைப் பறிக்கும் அமாடாக்சின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது.

கோவை வாசகி:
மிக்க நன்றி. வாங்கிய பால் காளானை எப்படி வைத்திருப்பது?

தோட்டக்காரர்:
கழுவாமல், காகித உறையில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். நெகிழிப் பையில் இறுக்கிக் கட்டினால் வியர்த்துப் பிசுபிசுத்துவிடும்.