சோத்தை விட்டாச்சு, நிறை மட்டும் குறையல்ல: கண்டதை எழுதுங்க

கல்லடி_பாலத்தடி

நேரா விசயத்துக்கு வாறன். கிளினிக்குக்கு ஒரு அக்கா வந்தா. ஆறு மாசமா சோறு தொடல்ல, நிறை ஒரு கிலோ கூடியிருக்கு. இரவைக்கு என்ன சாப்பாடு எண்டு கேட்டா, "புட்டுத்தான், ரெண்டு குழல்" எண்டு கையால நீளம் காட்டினா. அந்தக் கை இன்னும் கண்ணுக்குள்ள நிக்கிது.

ஒரு குழலுக்கு அரிசிமா 100 கிராம், தேங்காய்ப்பூ 35 கிராம் எண்டு வைங்க. மா 360 கலோரி, தேங்காய்ப்பூ 120க்கு மேல. ரெண்டு குழல் 960. சம்பலும் சொதியும் வேற. அதே அக்கா 200 மில்லி தேத்தண்ணிக் கப்பால ரெண்டு கப் சோறு போட்டிருந்தா 400 கலோரியோட முடிஞ்சிருக்கும். அரிசி வேகேக்க தண்ணியை உறிஞ்சி ரெண்டரை, மூணு மடங்கு நிறையாகும். புட்டுமா குடிக்கிற தண்ணி கொஞ்சம். அதனால ஒரே வயிறு நிறைய மா கூடப் போகுது.

புட்டை விடச் சொல்லல்ல. ஆளுக்கு மா 60 கிராம், தேங்காய்ப்பூ 15 கிராம், மிச்ச இடத்துக்குத் துருவின கரட், முருங்கையிலை. இதில பிழைக்கிற இடம் ஒண்டு இருக்கு. கரட் தண்ணி விடும், புட்டு களியாப் போகும். துருவினதைப் பிழிஞ்சு போடுங்க, மாவை நல்லா வறுத்தெடுங்க, பிசையிற தண்ணியைக் குறையுங்க. கையில பிடிச்சா உருண்டு, தட்டினா உதிரணும். தொட்டுக்கொள்ள மீன் கட்டாயம். வெறும் சம்பலோட சாப்பிட்டா பத்து மணிக்குத் திரும்பப் பசிக்கும்.

நிந்தவூர்_அடுப்படி

கல்லடி அண்ணன், புட்டுக் கணக்கு சரி. ஆனா நீங்க எல்லாரும் மாவையும் சோத்தையுமே பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்க, ஆணத்தை, அதாவது கறிக்குழம்பை, ஆரும் அளக்கிறல்ல.

பக்கத்து வளவு ராத்தா "எண்ணெய் ரெண்டே கரண்டிதான்" எண்டு சத்தியம் பண்ணுவா. பொழுதுபட அவட குசினிக்குப் போனா, அவ சொன்ன கரண்டி ஆணம் அள்ளுற அகப்பை! அதில தண்ணி ஊத்தி அளந்தா 60 மில்லி. மேசைக்கரண்டி 15 மில்லிதான், அதுக்கே 120 கலோரி. அப்ப அந்த "ரெண்டு கரண்டி" கிட்டத்தட்ட 960. அஞ்சு பேர் வீட்டில ஆளுக்கு 190, அதுவும் ஒரு கறிக்கு மட்டும்.

தேங்காயும் அப்படித்தான். ஒரு நடுத்தரத் தேங்காயில பூ 250 கிராம் வந்தா 880 கலோரி, கொழுப்பில கூடின பங்கு முதற்பாலோட போயிரும். பாதித் தேங்காயில சமைக்க ஏலும். மீனை ரெண்டாம் பாலிலயே வேக வைங்க. முதற்பால் அரைக் கப்பை கடைசியில விட்டு, ஒரு கொதி வரமுந்தி இறக்குங்க. முதற்பாலைக் கொதிக்க விட்டா திரிஞ்சு எண்ணெய் மேல மிதக்கும், மறுகா "தடிப்பு இல்ல" எண்டு இன்னும் பால் விடத் தோணும். தடிப்பு வேணுமெண்டா மைசூர்ப் பருப்பு ரெண்டு மேசைக்கரண்டியை அவிச்சு மசிச்சுப் போடுங்க. பால் விடாத புளியாணம் இருந்தா கிழமையில மூணு நாளைக்கு இந்தக் கதையே வேணாம்.

நோன்பு காலத்தில சர்பத்தில விடுற டின்பாலையும் எழுதுங்க. ரெண்டு மேசைக்கரண்டி 130 கலோரி. ஒரு கிளாசோட நிப்பாட்டுற ஆக்கள் குறைவு.

அக்கரைப்பற்று_மருந்துக்கடை

முதல் பதிவில ஒரு விசயம் விடுபட்டுப் போச்சு, அதை எழுதாம இருக்க ஏலாது. சீனி வருத்தக்காரர் (நீரிழிவுக்காரர்) சோத்தை விட்டா நடக்கிறது வேற கதை.

காலமை கடை திறக்கிற நேரம் ஒரு நானா வந்தார். மேல் முழுக்க வேர்வை, கை நடுங்குது, பேச்சுக் குழறுது. நிறை குறைக்கோணும் எண்டு ராச்சாப்பாட்டை விட்டிருக்கார், மாத்திரையை விடல்ல. விடிய எழும்பிக் கடற்கரையில நடந்தும் வந்திருக்கார். குளுக்கோமீற்றரில ரத்தச் சீனி 48 mg/dL. கண்ணாடி அலுமாரியில கையை ஊண்டினார், கை வழுக்கிச்சு. அதுதான் மறக்குதில்ல.

மெட்ஃபோமின் தனியப் போடுற ஆளுக்கு சீனி இப்படி விழுறது அரிது. கிளிபென்கிளமைட், கிளிக்லசைட், இன்சுலின், இந்த மூண்டும் சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் சீனியை இறக்கும். ஆகவே சாப்பாட்டைக் குறைக்க முந்தி டொக்டரிட்டக் கேட்டு மருந்து அளவை மாத்திக்கொள்ளுங்க. நீங்களா மாத்திரையை முறிச்சுப் போடுறது, விடுறது ரெண்டும் கூடாது. எம்பாகிளிஃப்ளோசின் எண்ட சீனி மாத்திரை போடுற ஆக்கள் சோறு, மா எல்லாத்தையும் ஒரேயடியா வெட்டினா இன்னொரு ஆபத்து: சீனி பெரிசா ஏறாமலே ரத்தத்தில அமிலம் கூடலாம். வாந்தி, வயித்து நோ, மூச்சு வாங்கல் வந்தா ஆசுபத்திரிக்கு ஓடுங்க.

சீனி 70க்குக் கீழ போனா: தேக்கரண்டியால 3 கரண்டி சீனி, அதாவது 15 கிராம், அரைக் கிளாஸ் தண்ணியில கரைச்சுக் குடிக்கக் குடுங்க. சொக்லேட் வேணாம், பால்தேத்தண்ணியும் வேணாம், கொழுப்பு சீனி ஏறுறதைத் தாமதமாக்கும். 15 நிமிசத்தில திரும்பப் பாருங்க. 70க்குக் கீழ இருந்தா இன்னொருக்கா. ஏறினதும் ரெண்டு துண்டு பாண் இல்லாட்டி வாழைப்பழம். நினைவு தப்பினா வாயில ஒண்டும் ஊத்தக் கூடாது, புரைக்கேறும். ஒருக்களிச்சுப் படுக்க வைச்சு 1990 அம்புலன்சுக்கு அடியுங்க. கிளிபென்கிளமைட் நேரங்கூட நிக்கிற மருந்து, தெளிஞ்சாப் பிறகும் மணித்தியாலக் கணக்கில திரும்ப விழலாம். அதனால "சரியாப் போச்சு" எண்டு தனிய வீட்டுக்கு அனுப்ப வேணாம்.

சிவப்பரிசி எண்டா அள்ளிப் போடலாம் எண்ட பேச்சும் இங்க வரும், அதுக்கும் இப்பவே பதில் எழுதுறன். தவிடு போகாத சிவப்பரிசியில நார் கூட, சீனி ஏறுற வேகம் குறையும். கலோரி ஒண்டுதான். ஒரு சுண்டு அரிசி 200 கிராம், 700 கலோரி. சிவப்பா இருந்தா என்ன, வெள்ளையா இருந்தா என்ன. நல்லாத் தீட்டின சிவப்பரிசியில அந்த நாரும் பெரிசா மிஞ்சாது.

வாழைச்சேனை_வடக்கு

ஒரு தங்கச்சி, கலியாணத்துக்கு ரெண்டு மாசம் கிடக்கு. நிறை குறைக்கப் பார்சலில எடுத்த "மூலிகைத் தேயிலை". பத்து நாளில நெஞ்சுப் படபடப்பு, நித்திரை இல்ல. பெட்டியைத் திருப்பிப் பாத்தா என்ன சேர்ந்திருக்கு எண்டு ஒரு வரியும் இல்ல, படம் மட்டும்.

இப்படியான தேயிலைகளில சென்னா (நிலாவரை) இலை போடுறாங்க. வயித்தால போய்த் தண்ணியும் பொட்டாசியமும் இறங்கும், கொழுப்பு அசையாது. சிலதில சிபுட்ராமின் எண்ட பசியடக்கி மருந்தை ஒளிச்சிருப்பாங்க. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையை விட்டு எடுத்த மருந்து அது. சேர்மானம் எழுதாத எதையும் வாயில வைக்காதீங்க.

காத்தான்குடி_மெயின்வீதி

ஜிம்முக்கு வந்த தம்பி ஒராள், ஒரு கிழமையில 3 கிலோ போச்சு எண்டு துள்ளினான். அடுத்த ரெண்டு கிழமையும் அசையல்ல. வீட்டில நிறை பாக்கிற மெசினை பாய்க்கு மேல வைச்சு ஏறியிருக்கான். சீமெந்துத் தரையில வைச்சா வேற இலக்கம். முகம் விழுந்து போச்சு.

ஆரும் கேக்கல்ல, எண்டாலும் எழுதுறன். சோத்தை நிப்பாட்டினதும் முதல்ல இறங்குறது தண்ணி. ஈரலிலும் தசையிலும் கிடக்கிற சேமிப்புச் சர்க்கரை, கிளைக்கோஜன், ஒவ்வொரு கிராமும் 3 கிராம் அளவு தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்கும். அது தீர்ந்தா தண்ணி போகும், ஒரு கலியாணச் சஹனில (பலர் சேர்ந்து சாப்பிடுற சோத்துத் தட்டில) உக்காந்தா திரும்பி வரும். கொழுப்புக் கணக்கு வேற, ஒரு கிலோவுக்கு 7,700 கலோரி. நாளைக்கு 550 குறைச்சா கிழமைக்கு அரைக் கிலோ. அதுவே நல்ல வேகம். கிழமைக்கு ஒன்றரை, ரெண்டு கிலோ எண்டு மாசக்கணக்கில இறக்கினா பித்தப்பையில கல் வரலாம்.

நிறை பாக்கிறது காலமை, மலசலம் கழிச்சு, சாப்பிட முந்தி, ஒரே தரையில. முதல் நாள் கருவாடு சாப்பிட்டா உப்பு தண்ணியைப் பிடிக்கும், மெசின் முள்ளு ஏறி நிக்கும். பொம்பிளையளுக்கு மாதவிடாய்க்கு முந்தியும் அப்படித்தான். ஒரு நாள் இலக்கத்தை விட்டுட்டு ஏழு நாள் சராசரியைப் பாருங்க. தையல்கார நாடாவும் வேணும்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில, மூச்சை விட்ட பிறகு. நம்மட ஆக்களில ஆம்பிளைக்கு 90 சென்ரிமீற்றர், பொம்பிளைக்கு 80 தாண்டினா கவனிக்கோணும். பிஎம்ஐயும் (உயரத்துக்கேத்த நிறைக் கணக்கு) 25 வரைக்கும் காத்திருக்க வேணாம், ஆசியருக்கு 23இலயே ஆபத்துத் தொடங்குது.

பிளேன்டீயைச் சொல்லாம விட்டா இது முடியாது. தேக்கரண்டியால 3 சீனி, நாளைக்கு 6 தரம், 90 கிராம், 360 கலோரி. அரைச் சுண்டு அரிசி! உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள்ள நிக்கிறது நல்லம் எண்டு சொல்லுது. ஒரேயடியா விட்டா நாலு நாளில திரும்பிப் போவீங்க. பத்து நாளைக்கு ஒருக்கா அரைக் கரண்டி குறையுங்க, நாக்குப் பழகும். இஞ்சி தட்டிப் போட்டா லேசு.

கல்லடி_பாலத்தடி

அக்கரைப்பற்றுக்காரர் சொன்னது சரி, மாத்திரையை நான் முதலே எழுதியிருக்கோணும். அந்த அக்காவுக்கு சீனி வருத்தம் இல்ல. இருக்கிற ஆக்கள் முதல் பதிவுப் புட்டுக் கணக்கை டொக்டரிட்டக் கேட்காமச் செய்ய வேணாம்.

நிந்தவூர் தங்கச்சி, பருப்பு விட்ட மீனாணத்துக்குப் புளி எப்ப விடுறது? முந்தி விட்டா பருப்பு மசியாமக் கிடக்குது எண்டு சொல்லுறாங்க.

நிந்தவூர்_அடுப்படி

பருப்பைத் தனிய அவிச்சு மசிச்சாப் பிறகுதான் புளி, அண்ணன். புளி பட்டா பருப்பு வேகாது. மீனுக்குப் புளியும் உப்பும் முதலே விடலாம், மீன் உடையாம நிக்கும். மசிச்ச பருப்பைக் கடைசிக் கொதியில சேருங்க.