ஸ்டென்ட் வைத்த பிறகு அப்பாவுக்கு வந்த பயம்: உங்கள் வீட்டிலும் இப்படி நடந்ததா?

திருச்சி மகள்
அப்பாவுக்கு இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம். எக்கோ (இதய ஸ்கேன்) நார்மல். ஆனால் மனுஷர் மாடிப்படி பக்கமே போகமாட்டார். எப்போதும் வலது கை விரல்கள் இடது மணிக்கட்டில்தான். நாடி பார்த்துக்கொண்டேதான் டிவி பார்ப்பார். ராத்திரி படபடப்பு வரும், ஆட்டோ பிடித்து கேஷுவால்டிக்கு ஓடுவோம், ஈசிஜி எடுத்துவிட்டு "ஒன்றுமில்லை" என்பார்கள். நான்கு தடவை. கடைசியில் இதய டாக்டரே சைக்காலஜிஸ்டிடம் அனுப்பினார். "எனக்கென்ன பைத்தியமா?" என்று அப்பாவுக்கு ஒரே கோபம்.

அந்த மேடம் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. "படி ஏறினா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க சார்?" "விழுந்துடுவேன்." அதை அப்படியே தாளில் எழுதிக்கொண்டார். இதய டாக்டரிடம் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரிப் படியில் கூடவே ஏறினார். முதல் திருப்பத்தில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது, கை தானாக நாடிக்குப் போனது. "கையை எடுங்க சார், கம்பியைப் பிடிங்க." எடுத்தார். இருவரும் அப்படியே நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் படபடப்பு அடங்கிவிட்டது. அப்பா திரும்பிக் கீழே நின்ற என்னைப் பார்த்தார். மூன்று மாதமாக "சும்மா பயப்படாதீங்கப்பா" என்று அவரிடம் கத்தியது நான்தான். அது இன்னும் உறுத்துகிறது.

ஈரோடு சேகரன்
ரிப்போர்ட் நார்மல் என்று வந்தவர்களுக்கு இதெல்லாம் சரி. எனக்கு டயாலிசிஸ், வாரம் மூன்று நாள், தடவைக்கு நான்கு மணி நேரம். கிட்னி போனது பயத்தால் இல்லை. கையில் ஊசி குத்தியிருக்கிறது, புரண்டு படுக்கக்கூட முடியாது, அப்போது ஒரு கவுன்சிலர் வந்து "பாசிட்டிவா இருங்க" என்றார். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நெல்லை நர்ஸ்
சேகரன் அண்ணே, அது தெரபியே இல்லை. நோய் நிஜம் என்று ஒத்துக்கொள்ளாமல் எந்தத் தெரபியும் தொடங்காது. சர்க்கரையால் காலை எடுத்த ஒருவர் எங்கள் வார்டில், இல்லாத பெருவிரல் எரிகிறது என்று அழுதார். நாங்கள் நம்பவில்லை. அவருக்கு அந்த வலி நிஜம்தான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. எத்தனை தடவை வரவேண்டும், வீட்டில் என்ன செய்துபார்க்க வேண்டும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டயாலிசிஸ்காரர்களுக்குச் சோர்வும் பசியின்மையும் நோயாலும் வரும், மனச்சோர்வாலும் வரும். அதனால் டாக்டருக்கே பிடிபடாமல் போகலாம், நீங்களாக வாய்விட்டுச் சொல்லுங்கள். கையில் காசு இல்லையென்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். இன்ஷூரன்ஸ் இருந்தால் 2017 மனநலச் சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். உடல் நோய்க்கு உள்ளதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்று அதில் இருக்கிறது.

திருச்சி மகள்
அக்கா, நன்றி. ஆனால் சேகரன் அண்ணன் நம்பர் கேட்கவில்லையே. அண்ணா, அதற்கப்புறம் வேறு யாரிடமும் பேசவே இல்லையா?

ஈரோடு சேகரன்
பேசினேன்மா. போன மாதம் வேறொருவர் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "தண்ணீர் எந்த நேரத்துல ரொம்பத் தவிக்குது?" என்று கேட்டார். நாலு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. சாயங்காலம் ஆறு மணி, கூட்டாளிகளோடு டீக்கடையில் நிற்கிற நேரம் என்றேன். டாக்டர் சொன்ன தண்ணீர் அளவு தாண்டிவிடுமோ என்று பயந்து நான் அந்தப் பக்கமே போவதில்லை, அந்த நேரம் வீட்டில் தனியாக உட்கார்ந்து சொம்பு சொம்பாகக் குடிப்பேன். இப்போது தினமும் கடைக்குப் போகிறேன். அரை கிளாஸ் டீ, அதையும் அன்றைய கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் உடம்பில் நீர் தங்கி மூன்று கிலோ எடை ஏறுவது இரண்டாகியிருக்கிறது.